பட்டியலில் மரம் கடைசிக்குப் போன கதை

கடைசி ஸ்லைடும் போன பிறகுதான் அந்தக் கேள்வி வரும். விளக்கைப் போட்டிருப்பார்கள், பாதிப் பேர் எழுந்திருப்பார்கள், அப்போது ஒருவர் கையைத் தூக்குவார். "அதெல்லாம் சரிங்க, இதுல எது ரொம்ப முக்கியம்?"

நான் காட்டுக்குப் போகிறவன் இல்லை. போய் வருகிறவர்கள் கொண்டுவரும் எண்களோடு உட்கார்ந்திருப்பது என் வேலை. யாரோ முழங்காலளவு தண்ணீரில் குனிந்து நின்று எண்ணிய தலைப்பிரட்டைகள், என்னிடம் வரும்போது ஓர் அட்டவணையின் ஒரு பத்தியாக இருக்கும். பக்கத்துப் பத்திகளில் தண்ணீரின் வெப்பநிலை, ஓடையின் அகலம், தரையில் கூழாங்கல் எவ்வளவு, தலைப்பிரட்டை தின்னும் மீன் இருக்கிறதா, சாலை எவ்வளவு தூரம், மேலே மர நிழல் எவ்வளவு என்று வரிசையாக இருக்கும். இவற்றில் எது எண்ணிக்கையை ஆட்டிவைக்கிறது என்று மாடல் போட்டுச் சொல்ல வேண்டும்.

பல வருடங்களுக்கு முன் அப்படி ஒரு வேலை வந்தது. குளிர்ந்த ஓடைகளில் மட்டும் வாழும் ஒரு தவளை இனம். மேலே சொன்ன அத்தனை மாறிகளையும் ஒரே ரெக்ரஷன் மாடலில் போட்டேன்; மற்றவை மாறாமல் இருக்கையில் ஒவ்வொரு மாறியும் எண்ணிக்கையை எவ்வளவு நகர்த்துகிறது என்று கணக்கிடும் சமன்பாடு அது. அலகு வித்தியாசம் தொந்தரவு செய்யாமலிருக்க எல்லாவற்றையும் அதனதன் திட்ட விலக்கத்தால் (மதிப்புகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) வகுத்துக்கொண்டேன். வந்த கெழுக்களை, அதாவது ஒவ்வொரு மாறிக்கும் மாடல் கொடுத்த விளைவு எண்களை, பெரியதிலிருந்து சிறியது வரை அடுக்கி அழகாக ஒரு பட்டைப் படம் வரைந்தேன். உச்சியில் தண்ணீரின் வெப்பநிலை, அதற்கடுத்து மீன். எல்லாவற்றுக்கும் கீழே, பூஜ்யக் கோட்டை ஒட்டிக்கொண்டு, மர நிழல்.

கூட்டத்தில் நில நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்கிற ஒருவர் கேட்டார்: "அப்போ கரையில மரம் இருக்கறதும் இல்லாததும் பெரிய விஷயம் இல்லன்னு எடுத்துக்கலாமா?"

"மாடல்படி பார்த்தா..." என்று ஆரம்பித்துவிட்டேன். பின்வரிசையில் களப்பணிக்கு உதவியாளராக வந்திருந்த பெரியவர் ஒருவர், யாரையும் குறிப்பாகப் பார்க்காமல் சொன்னார்: "நிழலு இல்லாம தண்ணி எப்படி சார் சில்லுனு இருக்கும்?"

அந்த வரிக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. மாடலில் தப்பு என்று சொல்ல முடியாது. வெப்பநிலை தெரிந்துவிட்ட பிறகு, நிழல் புதிதாக எதுவும் சொல்லவில்லை என்றுதான் மாடல் சொன்னது, அது சரிதான். ஏனென்றால் நிழல் தன் வேலையை வெப்பநிலை வழியாகவே செய்துவிடுகிறது. நான்தான் அதை "நிழல் முக்கியமில்லை" என்று மொழிபெயர்த்தேன். சங்கிலியில் நடுக் கண்ணியை மாடலுக்குள் வைத்துவிட்டு, முதல் கண்ணிக்கு மதிப்பெண் பூஜ்யம் என்று அறிவித்திருந்தேன். அந்தப் படத்தை நம்பி யாராவது கோடாரி எடுத்திருந்தால், அடுத்த கோடையில் என் மாடலின் உச்சியில் இருந்த மாறியே அவர்களைத் திருப்பி அடித்திருக்கும்.

அன்றிலிருந்து "எது முக்கியம்" என்ற கேள்வியைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும். சூழலியல் ஆய்வுகளில் அதற்குப் பதில் சொல்ல எத்தனையோ அளவுகோல்கள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் நான் ஏதாவது ஒரு சமயத்தில் நம்பியிருக்கிறேன்.

முதலில், எல்லோருக்கும் தெரிந்த ஒன்றைச் சொல்லிக் கடந்துவிடலாம். அப்படியே வந்த கெழுக்களை ஒப்பிடக் கூடாது. உயரத்தை மீட்டரில் அளந்தால் கெழு 0.002, கிலோமீட்டரில் அளந்தால் அதே கெழு 2. மலை ஓர் அங்குலம் நகரவில்லை. பி-மதிப்பை (விளைவே இல்லாவிட்டாலும் தற்செயலாக இப்படி ஒரு முடிவு வரும் வாய்ப்பு) வைத்து வரிசைப்படுத்துவதும் அதே ரகம். போதுமான அளவு தரவு இருந்தால் எந்த அற்ப விளைவுக்கும் "குறிப்பிடத்தக்கது" என்று காட்டும் நட்சத்திரக் குறிகள் முளைத்துவிடும். இதெல்லாம் முதல் வருடப் பாடம்.

அதற்கு மருந்தாகத்தான் திட்ட விலக்கத்தால் வகுக்கச் சொல்கிறார்கள். 2008இல் புள்ளியியலாளர் ஆண்ட்ரூ கெல்மன் ஒன்றுக்குப் பதில் இரண்டு திட்ட விலக்கத்தால் வகுக்கலாம் என்று எழுதினார். ஆம்-இல்லை வகை மாறிகளோடு ஒப்பிட அது வசதி. 2010இல் ஹோல்கர் ஷீல்செத் உயிரியல்காரர்களுக்காக, மையப்படுத்தி அளவுப்படுத்தினால் கெழுக்கள் எவ்வளவு எளிதாகப் படிக்க வருகின்றன என்று எழுதினார். நல்ல ஆலோசனைகள்தான், நானும் தினமும் செய்கிறேன். ஆனால் திட்ட விலக்கம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால் ஒரு வேடிக்கை தெரியும். கணக்காகவே போட்டுப் பார்ப்போம்.

இயற்கையின் விதி இதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்: தண்ணீர் 1 டிகிரி குளிர்ந்தால் 2 தலைப்பிரட்டைகள் கூடும், கூழாங்கல் பரப்பு 5 சதவீதப் புள்ளி கூடினாலும் 2 கூடும். எல்லா ஓடைகளிலும் இதே விதி. இப்போது இரண்டு குழுக்கள் கிளம்புகின்றன. முதல் குழு மலைச்சரிவில் மேலிருந்து கீழ்வரை போகிறது. அங்கே ஓடைக்கு ஓடை வெப்பநிலை நிறைய மாறும்: திட்ட விலக்கம் 4 டிகிரி. கூழாங்கல் ஏறக்குறைய ஒரே மாதிரி: 5 புள்ளி. ஆக வெப்பநிலையின் பங்கு 8, கூழாங்கல்லின் பங்கு 2. வர்க்கப்படுத்தினால் 64க்கு 4, அதாவது 16க்கு 1. "வெப்பநிலைதான் எல்லாம்" என்று அவர்கள் எழுதுவார்கள். இரண்டாம் குழு பள்ளத்தாக்கின் அடியிலேயே சுற்றுகிறது. வெப்பநிலை விலக்கம் 1 டிகிரி, கூழாங்கல் விலக்கம் 20 புள்ளி. கணக்கு அப்படியே தலைகீழ்: 1க்கு 16. "வெப்பநிலை ஒரு பொருட்டே இல்லை, கூழாங்கல்தான்."

இரண்டு குழுவும் பொய் சொல்லவில்லை. விதி ஒன்று, கெழுக்கள் ஒன்று. மாறியது அவர்கள் நடந்த பாதை. இப்படி இரண்டு கட்டுரைகள் வந்தால், மூன்றாவதாக ஒருவர் "இந்த இனத்தின் தேவை இடத்துக்கு இடம் மாறுகிறது" என்று ஒரு விளக்கமும் எழுதிவிடுவார். தவளைக்கு எதுவும் தெரியாது, பாவம்.

சரி, இதைக்கூடச் சமாளித்துவிடலாம். தலைவலி தொடங்குவது மாறிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும்போது. களத்தில் எப்போதும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். உயரம் ஏறினால் குளிரும், மழையும் மாறும், மனித நடமாட்டம் குறையும், மரவகை மாறும். ஆய்வுக்கூடத்தில் ஒன்றை மட்டும் திருகலாம். மலையில் ஒரு திருகைத் தொட்டால் நான்கு சேர்ந்து சுழலும். கார்ஸ்டன் டோர்மனும் கூட்டாளிகளும் 2013இல் இந்தச் சிக்கலைப் பற்றி ஒரு பெரிய மீளாய்வே எழுதினார்கள். ஒட்டுறவு (இரண்டு மாறிகள் சேர்ந்து மாறும் அளவு; 1 என்றால் முழுக்கச் சேர்ந்தே) 0.7ஐத் தாண்டினால் உஷாராகு என்ற வழக்கு அதன் பிறகு இன்னும் பரவலாக வேரூன்றிவிட்டது. ஆனால் எந்த உத்தியும் ஒட்டிய மாறிகளை மாயமாகப் பிரித்துவிடாது என்று அந்தக் கட்டுரையே சொல்வதைப் பலர் படிக்காமல் எல்லைக்கோட்டை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 0.69 என்று வந்தால் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இந்த ஒட்டலைப் பிரிக்கவென்றே ஒரு முறை பிரபலமாக இருந்தது, இன்னும் இருக்கிறது: படிநிலைப் பங்கீடு. 1991இல் செவன், சதர்லாந்து என்ற இருவர் முன்வைத்தார்கள், சூழலியலுக்குள் ரால்ஃப் மக்நாலி கொண்டுவந்தார். யோசனை நியாயமாகவே தோன்றும். ஒரு மாறியை வெறும் மாடலில் சேர்த்தால் எவ்வளவு விளக்கம் கூடுகிறது, மற்றவை இருக்கும்போது சேர்த்தால் எவ்வளவு கூடுகிறது என்று எல்லா வரிசைகளிலும் பார்த்து, சராசரி எடுத்து, அதுதான் இந்த மாறியின் தனிப் பங்கு என்பது. 1980இல் லிண்டெமன், மெரெண்டா, கோல்ட் மூவரும் சொன்னதும் இதே சராசரிதான். அதற்கும் முன்னால், 1953இல், லாயிட் ஷாப்லி கூட்டு விளையாட்டில் லாபத்தை எப்படி நியாயமாகப் பிரிப்பது என்று போட்ட கணக்கின் உருவமும் இதுவே. ஆக, கூட்டாளிகளுக்குள் சண்டை வராமல் காசைப் பிரிக்கும் முறை. எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ஒரு நாள் இரவு, பதில் எனக்கு முன்பே தெரிந்த தரவை நானே உருவாக்கி அதில் இதை ஓட்டிப் பார்த்தேன். புதிதாக எந்த முறையைக் கற்றாலும் செய்ய வேண்டிய முதல் வேலை அது; நான் பல வருடம் தாமதமாகச் செய்தேன். ஒரே ஒரு மாறிக்குத்தான் விளைவு. அதன் மாறுபாடு (திட்ட விலக்கத்தின் வர்க்கம்) 1, இரைச்சலின், அதாவது தற்செயல் ஏற்ற இறக்கத்தின், மாறுபாடும் 1, ஆக ஆர்-ஸ்கொயர் (மொத்த மாறுபாட்டில் மாடல் விளக்கும் பங்கு) 0.5. இரண்டாவது மாறி சும்மா: எந்த விளைவும் கிடையாது, முதலாவதோடு 0.9 ஒட்டுறவு மட்டும் உண்டு. இதைக் கணினி இல்லாமல் தாளிலேயே போடலாம். முதல் மாறி தனியாக 0.5 விளக்குகிறது. சும்மா மாறி தனியாக நின்றால், ஒட்டுறவின் வர்க்கமான 0.81ஐ 0.5ஆல் பெருக்கி, 0.405. சும்மா மாறி ஏற்கனவே உள்ளே இருந்தால் முதலாவது கூடுதலாகத் தருவது 0.095; முதலாவது உள்ளே இருந்தால் சும்மா மாறி தருவது 0. சராசரி எடுங்கள்: முதலாவதுக்கு 0.2975, சும்மா மாறிக்கு 0.2025. சதவீதத்தில் 59.5, 40.5.

ஒரு வேலையும் செய்யாதவனுக்கு நாற்பது சதவீதம்! வேலை செய்தவனோடு சேர்ந்து நடந்து வந்ததற்கான கூலி.

காசைப் பிரிக்கையில் அது நியாயமாகக்கூட இருக்கலாம். ஆனால் ஒரு நிர்வாகி அந்த 40.5ஐப் பார்த்து, இரண்டாவது மாறியைத் திருத்தப் பணம் ஒதுக்கினால் ஒரு தலைப்பிரட்டைகூடக் கூடாது. இந்த முறையைக் கண்டுபிடித்தவர்கள் "இது காரணத்தைப் பிரிக்கும்" என்று எங்கும் வாக்குக் கொடுக்கவில்லை என்றே நினைக்கிறேன். பட்டைப் படத்துக்கு அந்தக் குணம் உண்டு: எண் எதுவாக இருந்தாலும், பட்டையாக வரைந்ததும் அது காரணமாகத் தெரிய ஆரம்பித்துவிடுகிறது.

(இடையில் ஒரு கிளைக்கதை. இந்தப் பங்கீட்டைச் செய்ய ஆர் என்ற புள்ளியியல் கணினி மொழியில் பரவலாகப் பயன்பட்ட நிரலில், ஒன்பதுக்கு மேல் மாறிகளைக் கொடுத்தால், அவற்றை எந்த வரிசையில் எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து முடிவு மாறியது என்று 2010இல் ஓலேயாவும் கூட்டாளிகளும் காட்டினார்கள். எல்லா வரிசைகளையும் சராசரி எடுப்பதால் வரிசை பொருட்டில்லை என்பதுதான் இந்த முறையின் பெருமையே! அதைப் படித்த அன்று என் பழைய கோப்புகளைத் திறந்து மாறிகளை விரல்விட்டு எண்ணினேன்.)

போர்கார்ட், லெஜாந்தர், த்ராபோ மூவரும் 1992இல் கொண்டுவந்த மாறுபாட்டுப் பகுப்பு இந்த விஷயத்தில் இன்னும் நேர்மையானது என்பது என் கட்சி. அது எல்லாவற்றையும் பிரித்துக் கொடுத்தே தீருவேன் என்று அடம்பிடிக்காது. இது தனியாக இவனுடையது, இது தனியாக அவனுடையது, இது இருவருக்கும் பொது, இதற்கு மேல் என்னால் பிரிக்க முடியாது என்று சொல்லிவிடும். மேலே போட்ட கணக்கில் தனிப் பங்குகள் 0.095, 0, பொது 0.405. விளக்கப்பட்டதில் 81 சதவீதம் பிரிக்க முடியாத பொதுச் சொத்து. படம் அழகாக இருக்காது, முடிவுரை எழுதுவதும் கஷ்டம். ஆனால் தரவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அப்புறம் ஏஐசி எடைகள். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு காலத்தில் இதை நான் பிறருக்குப் பாடமாகவே நடத்தினேன்.

ஏஐசி என்பது ஜப்பானியப் புள்ளியியலாளர் ஹிரோட்சுகு அகைகே 1970களில் கொடுத்த அளவுகோல், மாடல்களை ஒப்பிடுவதற்கானது. மாடல் தரவோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதற்கு ஒரு மதிப்பு, கூடுதல் மாறி ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி அபராதம்; மொத்தப் புள்ளி குறைவாக இருந்தால் நல்ல மாடல். அந்தப் புள்ளிகளை வைத்து ஒவ்வொரு மாடலுக்கும் ஓர் எடை கணக்கிடலாம். எல்லா எடைகளும் சேர்ந்தால் 1. பர்ன்ஹாம், ஆண்டர்சன் இருவரும் 2002இல் வந்த தங்கள் புத்தகப் பதிப்பில் ஒரு யோசனை சொன்னார்கள்: ஒரு மாறி எந்தெந்த மாடல்களில் இருக்கிறதோ அவற்றின் எடைகளைக் கூட்டினால், அந்த மாறியின் ஒப்பீட்டு முக்கியத்துவம் கிடைக்கும். பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை ஓர் எண்! சூழலியல் இதழ்கள் எல்லாம் அந்த எண்ணால் நிரம்பின. 0.9 என்றால் ரொம்ப முக்கியம், 0.5 என்றால் சுமார், 0.3 என்றால் "ஓரளவு முக்கியம்" என்று எழுதுவார்கள். நானும் எழுதியிருக்கிறேன்.

இப்போது துளிகூடப் பயனில்லாத ஒரு மாறியை எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் சேர்த்ததால் பொருத்தம் கொஞ்சமும் கூடவில்லை. மோசமாகப் போனால் என்ன ஆகும்? ஏஐசி 2 புள்ளி ஏறும், அவ்வளவுதான், அதற்கு மேல் ஏறாது. 2 புள்ளி பின்தங்கிய மாடலின் எடை, முன்னால் இருப்பதன் எடையில் 0.37 பங்கு. 0.37ஐ 1.37ஆல் வகுத்தால் 0.27. அதாவது அந்த அளவுகோலின் அடித்தளமே 0.27. சுத்தமாக ஒன்றுமில்லாத மாறிக்கும் அதற்குக் கீழே எண் வராது. நாங்கள் "ஓரளவு முக்கியம்" என்று எழுதிய 0.3, தரையைத் தொட்டுக்கொண்டு கிடந்த எண்.

இன்னும் இருக்கிறது. பயனற்ற மாறியும் தற்செயலாகக் கொஞ்சம் பொருந்தும். பொருத்தம் 2 புள்ளிக்கு மேல் கூடிவிட்டால் அதன் எடை 0.5ஐத் தாண்டிவிடும், அது நடக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 16 சதவீதம். 0.8ஐத் தாண்டுவதுகூட நூற்றில் மூன்று முறை நடக்கும். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத, பயனுமில்லாத பத்து மாறிகளை மாடலில் போட்டால், அவற்றில் ஒன்றாவது 0.5ஐத் தாண்டும் வாய்ப்பு 80 சதவீதத்துக்கும் மேல். ஆக, எதையாவது பத்து விஷயத்தை அளந்துகொண்டு வந்தால் போதும், முடிவுரையில் எழுத ஒரு "முக்கியக் காரணி" கிடைத்துவிடும்.

2014இல் கலிபோவும் கூட்டாளிகளும் பதில் தெரிந்த தரவைத் தாங்களே உருவாக்கி இந்த எண் எப்படி ஏமாற்றுகிறது என்று காட்டினார்கள். 2015இல் பிரையன் கேட், ஒட்டிய மாறிகள் இருக்கும்போது இந்தக் கூட்டலுக்கும், மாடல்களுக்கு இடையே கெழுக்களைச் சராசரி எடுப்பதற்கும் அர்த்தமே இல்லாமல் போகிறது என்று கடுமையாகவே எழுதினார். 2016இல் கியாம், ஓல்டன் இருவரும் இந்த அளவுகோலுக்காக ஒரு வாதம் வைத்தார்கள். 2017இல் கலிபோ குழு திரும்ப வந்து, இதற்கு விடைகொடுப்போம் என்றே தலைப்புப் போட்டது. அந்த விவாதத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு உறுத்தியது வேறு. 0.27 என்ற கணக்கைப் போட ஒரு கைக்கணக்கு இயந்திரம் போதும். அத்தனை வருடம் எங்களில் பலருக்குக் கை வரவில்லை, என்னையும் சேர்த்து. எண் 0க்கும் 1க்கும் நடுவில் இருந்ததால் 0 என்றால் இல்லை, 1 என்றால் உண்டு என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம்.

ரேண்டம் ஃபாரஸ்ட் (கிளை கிளையாகப் பிரியும் பல முடிவு மரங்களைச் சேர்த்துக் கணிக்கும் கணினி முறை) வந்த பிறகு இந்தத் தொல்லையெல்லாம் தீர்ந்தது என்று நினைக்கும் இளையவர்கள் இருக்கிறார்கள். லியோ பிரைமன் 2001இல் கொடுத்தது அற்புதமான கருவி, அதில் சந்தேகமில்லை. ஒரு மாறியின் மதிப்புகளைச் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துப் போட்டு, கணிப்பு எவ்வளவு கெடுகிறது என்று பார்த்தால் அந்த மாறியின் முக்கியத்துவம் தெரியும் என்பது அதன் யோசனை. ஆனால் உயரத்தை மட்டும் கலைத்துப் போட்டால் என்ன ஆகும்? வெயில் கொளுத்தும் மலையுச்சியும் பனி உறையும் கடற்கரையும் வரும். உலகத்தில் இல்லாத இடங்களில் மாடல் எவ்வளவு தடுமாறுகிறது என்பதை அளந்துவிட்டு அதை முக்கியத்துவம் என்கிறோம். அதே கருவியின் இன்னொரு அளவீடு, கிளை பிரியும்போது கிடைக்கும் சுத்தத்தை வைத்துப் போடுவது, நிறையப் பிரிவுகள் உள்ள மாறிகளின் பக்கம் சாய்ந்துவிடும் என்று கரோலின் ஸ்ட்ரோப்ல் குழு 2007இலேயே காட்டியிருக்கிறது. இதைப் பற்றி இவ்வளவு போதும்.

எந்த முறையும் தப்பிக்க முடியாத ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. ஒவ்வொரு மாறியும் எவ்வளவு சுத்தமாக அளக்கப்பட்டது?

வெப்பநிலைக்கு ஓடையில் ஒரு சின்ன பதிவுக் கருவி கட்டிவிடுகிறார்கள். அது மணிக்கு ஒரு முறை, மாதக்கணக்கில், சலிக்காமல் பதிவு செய்கிறது. ஓடையின் அகலத்துக்கு டேப். சாலைத் தூரத்துக்கு வரைபடம். ஆனால் உணவு? பாறையில் படியும் பாசியைத்தான் தலைப்பிரட்டை சுரண்டித் தின்னும். அதை ஒரே ஒரு நாள், மூன்று கற்களை எடுத்து, பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்து, கழுவிய தண்ணீரை ஒரு குப்பியில் பிடித்து அளந்திருப்பார்கள். முந்தைய வாரம் மழை பெய்திருந்தால் பாசி அடித்துக்கொண்டு போயிருக்கும். அன்று எடுத்த கல் நிழலில் கிடந்ததா வெயிலில் கிடந்ததா என்பதைப் பொறுத்தே எண் மாறும். அளவீட்டுப் பிழையின் மாறுபாடு உண்மையான மாறுபாட்டுக்குச் சமமாக இருந்தால், எளிய ரெக்ரஷனில் கெழு சரிபாதியாகச் சுருங்கிவிடும். இது பழைய, நிரூபணமான கணக்கு. அதோடு விடாது. சுத்தமாக அளக்கப்பட்ட பக்கத்து மாறி ஏதாவது உணவோடு ஒட்டியிருந்தால், உணவுக்கு உரிய பங்கில் கொஞ்சத்தை அது சத்தமில்லாமல் எடுத்துக்கொள்ளும்.

இதனால்தான் தட்பவெப்பம் பல ஆய்வுகளில் முதலிடத்தில் வந்து உட்கார்கிறதோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு. தட்பவெப்பம் முக்கியமில்லை என்று சொல்லவில்லை. எளிதாகக் கிடைப்பது, சீராக அளக்கப்படுவது, இரை, நோய், போட்டி மூன்றையும் அளப்பதைவிட ஆயிரம் மடங்கு மலிவு. பந்தயத்தில் ஒருவன் ஷூ போட்டு ஓடுகிறான், இன்னொருவன் சாக்குப்பைக்குள் நின்று தத்துகிறான். கடைசியில் நேரத்தை மட்டும் பார்த்து யார் கால் பலமானது என்று தீர்ப்புச் சொல்கிறோம்.

இதற்கெல்லாம் அடியில் இன்னும் பழைய கேள்வி ஒன்று கிடக்கிறது: பிரிக்கக்கூடிய விஷயம்தானா இது? 1974இல் மரபியலாளர் ரிச்சர்ட் லெவோன்டின் ஓர் உதாரணம் சொன்னார். இரண்டு பேர் சேர்ந்து செங்கல் அடுக்கிச் சுவர் எழுப்பினால், யார் எத்தனை செங்கல் வைத்தார் என்று எண்ணிப் பங்கைச் சொல்லலாம். ஒருவர் சாந்து குழைக்க, மற்றவர் செங்கல் வைத்தால்? சுவரில் சாந்து எத்தனை கன அடி, செங்கல் எத்தனை கன அடி என்று அளந்து உழைப்பைப் பிரிப்பது அபத்தம். அவர் பேசியது மரபணுவா வளர்ப்பா என்ற சண்டையைப் பற்றி. ஆனால் ஓடைக்கும் அது அப்படியே பொருந்தும். தண்ணீர் சூடானால் கரைந்த ஆக்சிஜன் குறையும், அதே நேரம் தலைப்பிரட்டையின் உடல் அதிக ஆக்சிஜன் கேட்கும். மீன் இருந்தால் கூழாங்கல் ஒளிந்துகொள்ளும் இடம். மீன் இல்லாவிட்டால் அது வெறும் கல். கூழாங்கல்லின் முக்கியத்துவம் எவ்வளவு என்று மீனைக் கேட்காமல் சொல்ல முடியாது.

விவசாய வேதியியலில் இந்த யோசனைக்கு ஓர் உறவுக்காரன் உண்டு. 1828இல் கார்ல் ஸ்ப்ரெங்கல் சொல்லி, பின்னால் யுஸ்டுஸ் லீபிக் பரப்பிய குறைந்தபட்ச விதி: பயிரின் விளைச்சலை நிர்ணயிப்பது எந்தச் சத்து மிகக் குறைவாக இருக்கிறதோ அதுதான். பாஸ்பரஸ் பற்றாத நிலத்தில் பாஸ்பரஸ்தான் முக்கியம். அதைப் போட்ட மறுநாளே அது முக்கியமற்றதாகிவிடும், நைட்ரஜனோ வேறொன்றோ அந்த இடத்துக்கு வரும். எந்த நிலத்தில், எந்த நிலைமையில் என்பதைச் சேர்க்காமல் முக்கியத்துவத்தைச் சொல்ல வழியில்லை. நூறு இடங்களைச் சராசரி எடுத்த ஒரு கெழுவில் இது எங்கே தெரியப்போகிறது?

சரி, இத்தனைக்கும் பிறகு நான் என்ன செய்கிறேன்? மாடல் போடுவதை விட்டுவிடவில்லை. ஆனால் தரவைத் திறப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்து அம்புக்குறிகள் வரைகிறேன். நிழலிலிருந்து வெப்பநிலைக்கு, வெப்பநிலையிலிருந்து ஆக்சிஜனுக்கு, இரண்டிலிருந்தும் தலைப்பிரட்டைக்கு. களத்துக்குப் போனவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து வரைகிறேன்; பாதி அம்புகளை அவர்கள்தான் திருத்துவார்கள். நிழலின் மொத்த விளைவு வேண்டுமென்றால் வெப்பநிலையை அந்த மாடலில் சேர்ப்பதில்லை. வெப்பநிலையின் விளைவு வேண்டுமென்றால் அதற்குத் தனி மாடல், நிழல் அங்கே வேறு வேலைக்காக, தன் தாக்கம் வெப்பநிலையின் கணக்கில் கலந்துவிடாமல் பிரித்து வைக்க, உள்ளே இருக்கும். ஒரே மாடலின் எல்லாக் கெழுக்களையும் ஒரே அர்த்தத்தில் படிக்க முடியாது என்பதை வெஸ்ட்ரைக், கிரீன்லாந்து இருவரும் 2013இல் நோய்ப்பரவலியல் ஆய்வுகளை வைத்து எழுதினார்கள். அதைப் படித்தபோது, அட, நம்ம பட்டைப் படத்தைப் பற்றித்தானே எழுதியிருக்கிறார்கள் என்று தோன்றியது.

பட்டைப் படத்துக்குப் பதிலாக இப்போது கோடுகள் வரைகிறேன். கிடை அச்சில் மாறி, அதன் சொந்த அலகில்; செங்குத்து அச்சில் எதிர்பார்க்கும் தலைப்பிரட்டை எண்ணிக்கை; சுற்றிலும் நிச்சயமின்மைக்கு ஒரு சாம்பல் பட்டை. அதோடு தரவை ஆயிரம் முறை மறுதேர்வு செய்து (அதிலிருந்தே குலுக்கி எடுத்து மாடலைத் திரும்ப ஓட்டி) தரவரிசை எத்தனை முறை மாறுகிறது என்று பார்ப்பேன். முதலிடமும் மூன்றாமிடமும் அடிக்கடி இடம் மாறினால், இதழாசிரியர் எவ்வளவு கேட்டாலும் தரவரிசை கொடுப்பதில்லை. இதனால் ஒரு கட்டுரை திரும்பி வந்ததும் உண்டு, "முடிவு தெளிவாக இல்லை" என்ற குறிப்போடு.

போன மாதம் ஓர் ஆய்வு மாணவி வந்தார், கையில் மடிக்கணினி. வேறு ஓடைகள், வேறு இனம், ஆனால் அதே பத்திகள். உட்கார்ந்ததும் கேட்டார்: "சார், இதுல எது ரொம்ப முக்கியம்னு மட்டும் சொல்லிட்டீங்கன்னா போதும்."

"எதுக்கு முக்கியம்னு கேக்கறாங்க?"

கொஞ்சம் யோசித்தார். "அடுத்த வருஷம் பத்து ஓடைக்குத்தான் சார் பணம் இருக்கு. கரையில மரம் வைக்கறதா, வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட மீனை எடுக்கறதா, இதுல ஒண்ணுதான் செய்ய முடியும்."

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா."

தாளை எடுத்தோம். மரம் வைத்தால் நிழல் விழ எத்தனை வருடம், அதுவரை அந்த இனம் தாங்குமா, மீனை எடுத்தால் மழைக்காலத்தில் கீழிருந்து திரும்ப ஏறி வராதா என்று அவரே கேள்விகளை எழுதினார். மதியத்துக்கு மேல் கோடுகள் வந்தன, கிடை அச்சில் ஓடையில் இப்போதுள்ள நிழல். ஏற்கனவே ஓரளவு நிழல் இருக்கும் ஓடைகளில் மீனை எடுப்பதன் கோடு மேலே நின்றது. வெட்டவெளி ஓடைகளில் மீனை எடுத்தாலும் எண்ணிக்கை ஏறவே இல்லை. அங்கே மரத்தின் கோடுதான் ஏறியது, மெதுவாக, அகலமான சாம்பல் பட்டையோடு. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் அவர் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, பத்து ஓடைகளில் எவையெவை வட்டத்துக்கு இடப்பக்கம், எவையெவை வலப்பக்கம் என்று பெயர்களை எழுத ஆரம்பித்தார். மூன்று ஓடைகள் வட்டத்துக்கு உள்ளேயே விழுந்தன. அவற்றின் நிழல் அளவைத் திரும்பப் போய் அளந்து வருவதாகச் சொல்லிக் கிளம்பினார்.